எம்டன் வந்தான்

போர் தந்த சொற்கள் – 9

ஒரு சொல் பிறந்த நாளையும் வேளையையும் இடத்தையும் திட்டமாகச் சுட்டிக் காட்டும் பாக்கியம், சொற்களின் சரித்திரத்தைத் தேடுகிறவனுக்கு அபூர்வமாகவே வாய்க்கிறது. தமிழில் அப்படி ஒரு சொல் உண்டு. வாசலில் செருப்புச் சத்தம் கேட்ட மாத்திரத்தில் சீட்டுக்கட்டைப் பாய்க்கு அடியில் தள்ளிவிட்டு, "எம்டன் வந்தாச்சுடா!" என்று அண்ணன் கிசுகிசுக்க, நாங்கள் மூவரும் பாடப் புத்தகத்தில் முகம் புதைத்துக்கொண்ட மாலைகளில், அந்தச் சொல் எங்கள் தகப்பனாருக்கென்றே உண்டான பெயர் என்று நான் நம்பியிருந்தேன். அது ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர் என்று தெரிந்தபோது எனக்குப் பத்து வயது இருக்கும். அன்று உண்டான வியப்பு இன்னும் அடங்கவில்லை.

1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி. ஐரோப்பாவில் யுத்தம் மூண்டு ஏழு வாரங்களே ஆகியிருந்தன. சென்னையில் அது புரட்டாசி மாதம். வீடுகளில் நவராத்திரிக் கொலு வைத்திருந்த நாட்கள். அமாவாசை கழிந்து மூன்றாம் நாளாகையால் பிறை முன்னிரவிலேயே மறைந்துவிட, கடல் இருண்டு கிடந்தது. கரையிலோ விளக்குகள் வழக்கம்போல் எரிந்தன. இரவு ஒன்பதரை மணி சுமாருக்கு, துறைமுகத்திலிருந்து இரண்டு மைலுக்கும் குறைந்த தூரத்தில் வந்து நின்ற எம்டன், விளக்கொளியைப் பாய்ச்சி இலக்குப் பார்த்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைத் தீக்கிரையாக்கியது. சுமார் அரை மணி நேரத்துக்குள் நூற்றிருபத்தைந்துக்கு மேற்பட்ட குண்டுகள் சுடப்பட்டன. சிலர் மாண்டனர், துறைமுகத்தில் நின்ற வர்த்தகக் கப்பல் ஒன்றும் அடிபட்டது. உயர்நீதிமன்றத்தின் கிழக்குச் சுற்றுச்சுவரில் ஒரு குண்டு விழுந்த இடத்தில் பதித்த கல்லை இன்றும் காணலாம்.

சேதத்தைக் கணக்கிட்டால் பெரிதல்ல. ஆனால், பிரிட்டிஷ் கொடி பறக்கும் கடலில் பகைவன் கால் வைக்க முடியாது என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளர்ந்த ஊர், எரிகிற எண்ணெயின் வெளிச்சத்தில் அந்த நம்பிக்கை குலைவதைக் கண்கூடாகக் கண்டது. கப்பல் தலைவன் கார்ல் ஃபான் முல்லர் நாடியதும் அதுதான்: ஆங்கிலேயரின் வர்த்தகத்தைக் கலைப்பதும், அவர்களுடைய கௌரவத்தை இந்திய ஜனங்களின் கண்முன் குறைப்பதும். மறுநாள் முதல் ரயில் நிலையங்களிலும் சாலைகளிலும் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் ஊரைவிட்டு வெளியேறினார்கள். அவர்களோடு அந்தப் பெயரும் மூட்டை முடிச்சில் ஏறி உள்நாட்டுக்குப் போயிற்று என்றே நான் கருதுகிறேன்.

இங்கேதான் நான் சற்று நின்று பார்க்க விரும்புகிறேன். எம்டன் என்பது வடகடலோரத்து ஜெர்மானியத் துறைமுகம் ஒன்றின் பெயர். அதைக் கப்பலுக்கு இட்டார்கள். தமிழில் கப்பல் அஃறிணை. 'கப்பல் வந்தது, குண்டு போட்டது' என்பதுதான் முறை. ஆயினும், முரடன், கள்வன், கண்டன் என்று ஆண்பாலுக்கு 'அன்' விகுதி கேட்டுப் பழகிய செவியில் 'எம்டன்' என்று விழுந்தவுடன், அது ஊராகவோ கப்பலாகவோ நில்லாமல் ஓர் ஆளாக எழுந்து நின்றுவிட்டது. முன்னால் 'எம' என்ற ஒலி வேறு எமனை நினைவூட்டிற்று. 'எம்டன் வந்தான், குண்டு போட்டான்' என்று சொன்ன வாய்க்கு அதில் எந்த இடறலும் இல்லை. கப்பலை மனிதனாக்கியது பீதியல்ல, தமிழ் இலக்கணம். பின்பு, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறவனுக்கும், கண்ணில் மண்ணைத் தூவுகிற சூரனுக்கும், வீட்டை நடுங்க வைக்கிற பெரியவருக்கும் அந்தப் பெயர் பொருந்திப்போனது.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. 'அவன் எம்டன்' என்பதில் அச்சம் இருக்கிறது, வெறுப்பு இல்லை. புகைபோக்கி மூன்றே உடைய கப்பலுக்குப் பொய்யாக நான்காவதைப் பொருத்தி ஆங்கிலக் கப்பல்போல் காட்டிய யுக்தியும், பிடிபட்ட வர்த்தகக் கப்பல்களின் மாலுமிகளைக் கொல்லாமல் கரைசேர்த்த முல்லரின் பெருந்தன்மையும், பகைவரின் பத்திரிகைகளே மெச்சும்படி இருந்தன. அக்டோபர் 28-ஆம் தேதி பினாங்கில் ருஷ்யப் போர்க்கப்பல் ஒன்றை மூழ்கடித்த எம்டன், நவம்பர் 9-ஆம் தேதி கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பலிடம் அடிபட்டுத் தரைதட்டியது. சென்னைக்கு வந்துபோய் ஏழு வாரங்கள்தாம். கப்பலின் ஆயுள் முடிந்தது. சொல்லின் ஆயுளோ அப்போதுதான் தொடங்கிற்று.

விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் வந்து, சுட வேண்டிய இடங்களைக் காட்டிக்கொடுத்தார் என்று ஒரு கதை பரவி நிலைத்துவிட்டது. அவர் அந்நாட்களில் ஐரோப்பாவில் இருந்தார். கப்பலில் இருந்ததற்கு ஆதாரம் இல்லை. ஆனாலும், அடிமைப்பட்டிருந்த ஜனங்கள் தங்களில் ஒருவனை அந்தக் கப்பலில் ஏற்றிப் பார்க்க ஆசைப்பட்டதை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். மலையாளத்தில் பிரம்மாண்டமானதை 'யமண்டன்' என்கிறார்கள். அதுவும் இந்தக் கப்பலிலிருந்து வந்ததே என்று பலர் கருதுகின்றனர்.

1942 ஏப்ரலில், ஜப்பானியர் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கியதைக் கேட்டுச் சென்னை மறுபடியும் காலியாயிற்று. இலக்கங்களிலும் அலைச்சலிலும் அது முந்தியதைவிடப் பெரிய ஓட்டம். அதன் நினைவுகள் குடும்பங்களில் உண்டு. ஆனால் எம்டனைப்போல் வீட்டுக்குள் நடமாடும் ஒரு சொல்லாக அது திரளவில்லை. பிடித்துக்கொள்ள ஒரு பெயர், அதிலும் ஆண்பிள்ளையின் பெயர், அகப்படவில்லை என்பதே காரணமாக எனக்குத் தோன்றுகிறது.

2006-ஆம் ஆண்டில், கண்டிப்பான தகப்பனாருக்கும் மகனுக்கும் இடையிலான கதையை இயக்குநர் திருமுருகன் படமாக்கினார். வைத்த பெயர் 'எம்டன் மகன்'. தமிழ்ப் பெயர் சூட்டிய படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு என்று அரசு அறிவித்திருந்த காலம் அது. எம்டன் தமிழல்லவே என்று இரண்டு எழுத்துகளை நீக்கி, 'எம் மகன்' என்று திரைக்குக் கொண்டுவந்தார்கள். தலைப்பு மாறி இத்தனை வருஷங்கள் ஆன பிறகும், அந்தப் படத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் 'எம்டன் மகன்தானே?' என்று கேட்பவர்களை நான் சந்தித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.