உடைமையா, உரிமமா? வீடியோ விளையாட்டுகளைப் புதிதாகவும் பழையதாகவும் வாங்குதல்

ஒரு பொருளை விலை கொடுத்து வாங்கியவர் அப்பொருளுக்கு உடையவர் ஆகிறார். உடையவர் அதனைத் தாம் விரும்பியவாறு பயன்படுத்தலாம். அண்டை வீட்டாருக்கு இரவல் தரலாம். வேண்டாதபோது வந்த விலைக்கு விற்கலாம். ‘உடைமை’ என்னும் சொல்லுக்கு உலக வழக்கில் உள்ள பொருள் இதுவே. ‘உரிமம்’ என்பது வேறு. ஒன்றைச் செய்துகொள்ளப் பிறர் தரும் இசைவே உரிமம். மோட்டார் வண்டி ஒருவருடைய உடைமை. அதனை ஓட்டுவதற்கு அரசாங்கம் அளிப்பது உரிமம். வண்டியை விற்கலாம், ஓட்டும் உரிமத்தை விற்க இயலாது. இசைவு தந்தவர் அதனைத் திரும்பப் பெறவும் கூடும்.

இவ்விரு சொற்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு இன்று பெரிய வழக்குகளுக்குக் காரணமாகியுள்ள இடம் ஒன்று உண்டு. அது வீடியோ விளையாட்டு வாணிகம். கடையில் ஒரே விளையாட்டு இரண்டு விலையில் இருக்கிறது. உறை பிரியாத புதியது ஒரு விலை. ஒருவர் ஆடி முடித்துக் கொடுத்துவிட்டுப் போன பழையது அதைவிடக் குறைந்த விலை. எதை வாங்குவது என்பது பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் எழும் எளிய வினாவே. ஆயினும் அவ்வினாவின் அடியில், விலை கொடுத்தவர் உண்மையில் எதனைப் பெறுகிறார் என்னும் பெரிய வினா அடங்கியிருக்கிறது.

தேயாத பொருளின் வாணிகம்

பழைய சட்டை நிறம் மங்கும். பழைய நாற்காலி ஆட்டம் காணும். பழைய நூலும் தாள் பழுப்பேறிக் கட்டு தளரும். வீடியோ விளையாட்டு அத்தகையது அன்று. தட்டில் கீறல் இல்லையேல், பத்தாவது ஆள் ஆடும் விளையாட்டும் முதல் ஆள் ஆடிய விளையாட்டும் ஓர் அணுவும் வேறுபடுவதில்லை. எனவே பழையது புதியதற்கு நேரான போட்டியாக நிற்கிறது.

இதனால் கடைக்காரருக்கும் தயாரிப்பாளருக்கும் நலன்கள் முரண்பட்டன. அமெரிக்காவில் பெயர்பெற்ற கேம்ஸ்டாப் என்னும் கடைத்தொடரின் கணக்கு இதற்குச் சான்றாகும். அந்நிறுவனம் செழித்திருந்த 2010ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், புதிய விளையாட்டை விற்றால் விற்பனைத் தொகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே அதற்கு இலாபமாகத் தேறிற்று. பழையதை விற்றாலோ ஏறத்தாழ பாதி தேறிற்று. பழைய விளையாட்டை மலிவாக வாங்கிச் சில வெள்ளி மட்டுமே குறைத்து விற்றமையே அதன் காரணம். அவ்விற்பனையில் விளையாட்டை ஆக்கிய நிறுவனத்துக்கு ஒரு காசும் சேராது.

பன்னூறு பேர் பல ஆண்டுகள் உழைத்து ஆக்கியதில் கடைக்காரர் மட்டுமே மீண்டும் மீண்டும் பயன்பெறுவது முறையா என்பது தயாரிப்பாளர் எழுப்பிய வினா. மறுதரப்பிலும் நேர்மையான விடை இருந்தது. பழையதை விற்றுப் பெற்ற பணத்தைக் கொண்டே பல இளைஞர் அடுத்த புதிய விளையாட்டை வாங்குகின்றனர். பின்னர் விற்கலாம் என்னும் நம்பிக்கை இருப்பதாலேயே முதலில் அவ்வளவு விலை கொடுக்கத் துணிகின்றனர் என்பது அவ்விடை.

ஒரு வெள்ளி நூலும் உச்ச நீதிமன்றமும்

இத்தகைய பூசல் வீடியோ விளையாட்டோடு தோன்றியது அன்று. அமெரிக்காவில் பாப்ஸ்-மெரில் என்னும் பதிப்பகம் ஒரு புதினத்தை வெளியிட்டது. அந்நூலை ஒரு வெள்ளிக்குக் குறைத்து எவரும் விற்கலாகாது; விற்பின் அது பதிப்புரிமை மீறலாகும் என்று நூலின் உள்ளேயே அறிவிப்பு அச்சிட்டது. நியூயார்க்கின் மேசிஸ் பேரங்காடி அதனைப் பொருட்படுத்தாமல் 89 காசுக்கு விற்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1908ஆம் ஆண்டு நீதிமன்றம் பதிப்பகத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஒரு படியை முறைப்படி விற்ற பின்னர், அப்படி மேற்கொண்டு எவ்வாறு கைமாறுகிறது என்பதில் தலையிடப் பதிப்புரிமை இடம் தருவதில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். நூலைப் படியெடுத்து அச்சிடும் உரிமை பதிப்பகத்துக்கே உரியது. விற்கப்பட்ட அந்த ஒரு படியோ வாங்கியவர்க்கு உரியது. அடுத்த ஆண்டே இக்கொள்கை சட்டத்தில் இடம்பெற்றது. பழைய புத்தகக் கடைகளும் நூல்நிலையங்களும் இன்றளவும் அந்நாட்டில் அச்சமின்றி நடப்பதற்கு இதுவே அடிப்படை.

வீடியோ விளையாட்டுகளும் இக்கொள்கையின் நிழலிலேயே வளர்ந்தன. 1990ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம், கணினி மென்பொருளை உரியவர் இசைவின்றி வாடகைக்கு விடுவதைத் தடை செய்தது. ஆயின் விளையாட்டுக்கென்றே அமைந்த கருவிகளில் ஆடப்படும் விளையாட்டுகளுக்கு அத்தடையிலிருந்து விலக்களித்தது. அதனால் வாடகைக் கடைகளும் தொடர்ந்து நடைபெற்றன.

விளையாட்டு திரைப்படமாகுமா?

இதே பூசல் ஜப்பானில் விந்தையான உருவம் கொண்டது. அந்நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் திரைப்படங்களுக்கு மட்டும் தனிச் சலுகை ஒன்றை வழங்கியிருந்தது. படச்சுருள்கள் மக்களுக்கு விற்கப்படுவதில்லை. திரையரங்குகளுக்கு முறைவைத்து அனுப்பப்பட்டுத் திரும்பப் பெறப்படும். ஆதலின், ஒரு சுருள் யாரிடம் போகவேண்டும் என்று கட்டுப்படுத்தும் உரிமை படத்தை ஆக்கியோருக்கே தரப்பட்டிருந்தது. வீடியோ விளையாட்டும் அசையும் படங்களால் ஆனதே. எனவே அதுவும் திரைப்படமே. எனவே பழைய விளையாட்டுகளைக் கடைக்காரர் தம் இசைவின்றி விற்கலாகாது என்று தயாரிப்பாளர் வாதிட்டனர். கேப்காம், கொனாமி, நாம்கோ, சேகா, ஸ்குவேர், சோனி ஆகியவற்றின் நிறுவனங்கள் ஆறும் ஒசாகாவில் கடைக்காரர்மீது வழக்குத் தொடுத்தன. தோக்கியோவிலும் இதுபோன்றதொரு வழக்கு நடந்தது.

1999ஆம் ஆண்டு மே மாதத்தில் தோக்கியோ மாவட்ட நீதிமன்றம், விளையாட்டு திரைப்படம் ஆகாது என்றது. திரைப்படம் எப்பொழுது ஓட்டினும் ஒரே வரிசையில் ஒரே காட்சிகளைக் காட்டும். விளையாட்டோ ஆடுவோர் கைப்போக்கிற்கேற்ப மாறும் என்பது அது கூறிய காரணம். ஐந்து திங்கள் கழிந்து ஒசாகா மாவட்ட நீதிமன்றம் நேர்மாறாகத் தயாரிப்பாளர் பக்கம் தீர்ப்பளித்தது. 2001ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இரு நகரங்களின் உயர் நீதிமன்றங்களும் கடைக்காரர் பக்கம் நின்றன. இறுதியாக 2002ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் ஜப்பானிய உச்ச நீதிமன்றம் முடிவு கூறியது. விளையாட்டு திரைப்பட வகையைச் சார்ந்ததே. எனினும் மக்களுக்கு ஒருமுறை முறைப்படி விற்கப்பட்ட அளவிலே அப்படியின்மீது ஆக்கியோர்க்கு இருந்த பிடி தீர்ந்துபோகிறது என்பதே அம்முடிவு. ஒவ்வொரு கைமாற்றுக்கும் இசைவு வேண்டும் எனின் பொருள்களின் தடையற்ற போக்குவரத்து கெடும். ஆக்கியோர் தமக்குரிய ஊதியத்தை முதல் விற்பனையிலேயே பெற்றுவிட்டனர் என்று நீதிமன்றம் விளக்கியது.

சட்டம் தராததைப் பொறி தந்தது

மன்றங்களில் வெல்ல இயலாதவற்றை வேறு வழியில் பெறத் தயாரிப்பாளர் முயன்றனர். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 2010ஆம் ஆண்டில் ஒரு முறையைப் புகுத்தியது. புதிய விளையாட்டின் பெட்டியில் ஒருமுறை மட்டும் செல்லும் எழுத்துக்குறி இருக்கும். பிறரோடு இணையவழி ஆட அக்குறி வேண்டும். பழையதை வாங்கியவர் அதற்கெனத் தனியே பணம் கட்டவேண்டும். ஆடுவோர் வெறுப்பைப் பெற்ற இம்முறையை 2013ஆம் ஆண்டில் அந்நிறுவனமே கைவிட்டது.

அதே ஆண்டு மே மாதத்தில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் எக்ஸ்பாக்ஸ் ஒன் என்னும் புதிய கருவியை அறிமுகப்படுத்தியது. தட்டிலுள்ள விளையாட்டு ஆடுபவரின் கணக்கோடு பிணைக்கப்படும். கருவி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தோடு தொடர்பு கொள்ளவேண்டும். மறுவிற்பனைக்கு இடமளிப்பதும் மறுப்பதும் தயாரிப்பாளர் விருப்பம் என்று விதிகள் வெளிவந்தன. ஜூன் 10ஆம் நாள் சோனி நிறுவனம் தன் பிளேஸ்டேஷன் 4 கருவியில் பழைய விளையாட்டுகளுக்குத் தடை ஏதும் இராது என்று அறிவித்தபோது அரங்கம் ஆரவாரித்தது. விளையாட்டை நண்பரோடு பகிர்ந்துகொள்வது எப்படி என்று காட்ட, ஒருவர் தட்டை மற்றொருவர் கையில் கொடுப்பதை மட்டுமே கொண்ட சில விநாடிப் படத்தையும் அது வெளியிட்டது. ஒன்பதே நாளில் மைக்ரோசாஃப்ட் தன் விதிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. வாங்குவோர் தம் உடைமையை உணர்ந்து பேசினால் பெருநிறுவனமும் இறங்கிவரும் என்பதற்கு இது சான்றாயிற்று.

தட்டு மறைந்தபோது

ஆயினும் அவ்வெற்றி முழுமையானது அன்று. விளையாட்டு தட்டிலிருந்தே நீங்கத் தொடங்கிவிட்டது. கணினியில் ஆடுவோர்க்கு வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் என்னும் இணையக் கடை வழிகாட்டியது. 2004ஆம் ஆண்டில் வெளிவந்த ஹாஃப்-லைஃப் 2 என்னும் விளையாட்டைத் தட்டில் வாங்கியவரும் ஸ்டீம் கணக்கு இன்றி ஆட முடியவில்லை. இன்று தட்டு செருகும் வாயே இல்லாத விளையாட்டுக் கருவிகளும் விற்பனையில் உள்ளன. அவற்றை வாங்கும் வீட்டில் பழைய விளையாட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை.

இணையவழி வாங்கியதை விற்க முடியாதா என்னும் வினாவைப் பிரான்சு நாட்டு நுகர்வோர் சங்கம் ஒன்று நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றது. 2019ஆம் ஆண்டில் பாரிசு நீதிமன்றம் விற்கலாம் என்றது. 2022ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு மன்றம் அதனை மாற்றியது. விளையாட்டு வெறும் மென்பொருள் அன்று. ஓவியமும் இசையும் கதையும் கலந்த கூட்டுப்படைப்பு. எனவே மென்பொருளுக்கு உள்ள மறுவிற்பனைச் சலுகை அதற்குப் பொருந்தாது என்பது அதன் கருத்து. 2024ஆம் ஆண்டு அக்டோபரில் நாட்டின் உச்ச மன்றமும் சங்கத்தின் முறையீட்டைத் தள்ளிவிட்டது. ஜப்பானில் விளையாட்டு இன்னது என்று வகுத்ததும் பிரான்சில் வகுத்ததும் ஒன்றுபோலவே இருக்க, முடிவுகள் வேறாயின. ஒன்றில் கைமாறத் தட்டு இருந்தது, மற்றொன்றில் இல்லை.

சொல்லைத் திருத்திய சட்டம் ஒன்று தமிழாசிரியர்களின் சிந்தனைக்கு உரியது. கலிபோர்னியா மாநிலம் 2024ஆம் ஆண்டில் இயற்றி, 2025ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் நடைமுறைக்குக் கொணர்ந்த சட்டம் அது. இணையவழி விளையாட்டையோ நூலையோ திரைப்படத்தையோ விற்போர், வாடிக்கையாளர் பெறுவது உரிமமே என்பதைத் தெளிவாக அறிவிக்காமல் ‘வாங்குக’ என்னும் சொல்லை இடக்கூடாது. இணையத்தொடர்பு இன்றியே என்றும் பயன்படுத்தத்தக்க வகையில் இறக்கிக்கொள்ளக் கூடியவற்றுக்கு விலக்கு உண்டு. சொல் ஒன்றும் பொருள் ஒன்றுமாக நடந்த வாணிகத்துக்குச் சட்டம் இட்ட கடிவாளம் இது.

அதன் தேவையை உணர்த்திய நிகழ்ச்சி அண்மையிலேயே நடந்தது. யூபிசாஃப்ட் நிறுவனம் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட தி க்ரூ என்னும் கார்ப்பந்தய விளையாட்டு, எப்பொழுதும் இணையத்தோடு தொடர்பு கொண்டிருந்தால்தான் இயங்கும். 2024ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் நிறுவனம் தன் சேவைக் கணினிகளை நிறுத்தியது. அன்றோடு தட்டை வைத்திருந்தவர் கையிலும் வெறும் பிளாஸ்டிக் வட்டமே எஞ்சியது. தட்டு இருப்பதனாலேயே உடைமை உறுதிப்பட்டுவிடாது என்பதை இது காட்டிற்று.

வாங்குவோர் நோக்கவேண்டியவை

எனவே விலைச்சீட்டை மட்டும் நோக்குதல் போதாது. விளையாட்டு இணையமின்றி இயங்குமா என்பதை முதலில் அறிதல் வேண்டும். இயங்காது எனின், பழையதை வாங்குபவர் நிறுவனம் சேவையை நடத்தும் காலத்தை மட்டுமே வாங்குகிறார். அடுத்து, முழு விளையாட்டும் தட்டில் உள்ளதா என்பதைக் கேட்டறிதல் வேண்டும். 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளிவந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2 கருவிக்குரிய சில அட்டைகளில் விளையாட்டு இராது. அதனை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் திறவுகோல் மட்டுமே இருக்கும். அவ்வட்டையை விற்கலாம், இரவல் தரலாம்; எனினும் அதன் வாழ்நாள் இணையக் கடையின் வாழ்நாளைச் சார்ந்தது.

மிகப் பழைய விளையாட்டுகளை வாங்குவோர்க்கு வேறு எச்சரிக்கை தேவை. தி லெஜண்ட் ஆஃப் செல்டா போன்ற 1980களின் விளையாட்டுகளில், ஆடிய நிலையைச் சேமித்து வைக்கச் சிறு பொத்தான் பேட்டரி ஒன்று உள்ளே பொருத்தப்பட்டிருந்தது. பேட்டரி தீர்ந்தால் விளையாட்டு ஓடும், சேமிப்பு நிற்காது. விலை ஏறிய பழைய விளையாட்டுகளுக்குப் போலிகளும் மலிந்துள்ளன.

புதியது எப்பொழுதும் மேலானது என்று எண்ணுதலும் தவறு. 2020ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த சைபர்பங்க் 2077 குறைகள் மலிந்திருந்தமையால், சோனி அதனைத் தன் இணையக் கடையிலிருந்தே சில மாதங்கள் நீக்கி வைத்தது. முதல் நாளில் முழு விலை கொடுத்தவர் குறைப்பொருளைப் பெற்றார். காத்திருந்து பழைய தட்டை வாங்கியவர், இணையவழி வந்த திருத்தங்களோடு செம்மையான விளையாட்டைக் குறைந்த விலையில் பெற்றார். மறுபுறம், சிறு குழுவினர் ஆக்கிய விளையாட்டு பிடித்திருந்தால் அதனைப் புதிதாக வாங்குவதே அவர்கள் அடுத்ததை ஆக்குவதற்குத் துணையாகும்.

பழைய கடையின் தொண்டு

பழைய விளையாட்டுச் சந்தை பணம் மிச்சப்படுத்தும் இடம் மட்டும் அன்று. அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டுக்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று புதிதாக எங்கும் விற்கப்படுவதில்லை என்று வீடியோ விளையாட்டு வரலாற்று அறநிலையம் 2023ஆம் ஆண்டில் கண்டறிந்து வெளியிட்டது. அதே ஆண்டு மார்ச் மாதத்தில் நின்டெண்டோ தன் 3டிஎஸ், வீ யூ ஆகிய கருவிகளுக்கான இணையக் கடைகளை மூடியது. அங்கு மட்டுமே கிடைத்த விளையாட்டுகளுக்குப் பழைய கடை என்னும் புகலிடமும் இல்லை. விற்கத்தக்க படி எதுவும் அச்சாகவில்லை. கையில் அடங்கும் பொருளாக வெளிவந்தவையோ இன்றும் கைமாறி வருகின்றன.

ஓலைச்சுவடிகள் பல இல்லங்களில் தங்கிக் கைமாறி வந்தமையால் அன்றோ பண்டை நூல்கள் பல பிழைத்தன? ஒரே இடத்தில் பூட்டி வைத்திருப்பின் ஒரு தீயில் யாவும் அழிந்திருக்கும். விளையாட்டும் ஒரு காலத்தின் கலைப்படைப்பே. அது பிழைத்திருப்பதும் பலர் கையில் உடைமையாக இருப்பதைப் பொறுத்தது. புதியதாயினும் பழையதாயினும், வாங்கியவர் அதனை நாளை பிறர்க்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டுத் தெளிந்து வாங்குதல் வேண்டும். முடியும் எனின் அவர் கொடுத்தது விலை. முடியாது எனின் அவர் கொடுத்தது வாடகை. வாடகை கொடுப்பதில் இழுக்கில்லை; வாடகைக்கு விலையின் அளவு பணம் கொடுப்பதே இழப்பாகும்.