மழையில் விடைபெற்றவள்

ரயிலடியில் விடைபெறுவது ஒரு விதம். விமான நிலையத்தில் விடைபெறுவது வேறு விதம். ரயில் கிளம்பிய பிறகும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக் கொண்டு நாலு அடி கூடவே ஓடலாம். சொல்ல மறந்ததைச் சொல்லி விடலாம். விமான நிலையத்திலோ ஒரு வாசலைத் தாண்டி விட்டால் அப்புறம் பேச்சுக்கு இடமே இல்லை. தூரத்தில் நின்று கையை ஆட்ட வேண்டியதுதான்.

இந்த வித்தியாசத்தை நன்றாக அறிந்த பாட்டு ஒன்று ஜப்பானில் உண்டு. அதன் பெயர் "கூக்கோ". விமான நிலையம் என்பதே அந்தச் சொல்லின் அர்த்தம். 1974-ம் வருஷம் ஜூலை மாதம் இசைத்தட்டாக வெளிவந்தது. எழுதியவர் யாமாகாமி மிச்சியோ. மெட்டமைத்தவர் இனோமாட்டா கோஷோ. பாடியவர் மட்டும் ஜப்பானியர் அல்ல; தைவான் தீவில் பிறந்த டெரஸா டெங். அப்போது அவருக்கு வயது 21.

பாட்டின் கதை மிகவும் சிறியது. மழை பெய்து கொண்டிருக்கிறது. ஒரு பெண் தனியாகப் பிரயாணம் புறப்படுகிறாள். வழியனுப்ப வந்த காதலன், எப்போதாவது இப்படித் தனியே போய் வருவதும் நல்லதுதான் என்கிறான். அவள் திரும்பி வரப் போவதில்லை என்பது அவனுக்குத் தெரியாது. அவன் வாழ்க்கையில் வேறொருத்தி இருக்கிறாள். அவளிடமே அவன் போய்ச் சேரட்டும் என்று இவள் மனத்துக்குள் தீர்மானம் செய்து விட்டாள். மேல் தளத்தில் நின்று அவன் கை வீசுகிறான். மழையில் அவன் உருவம் மெல்ல மெல்ல மறைகிறது.

இதில் சண்டை இல்லை, சாபம் இல்லை, "எனக்குத் துரோகம் செய்தாயே" என்ற ஒரு சொல்லும் இல்லை. நம்முடைய பாலைத் திணைப் பாட்டுக்களில் தலைவன் பொருள் தேடப் பிரிந்து போவான். தலைவி சுவரில் கோடு கிழித்து நாள் எண்ணிக் கொண்டிருப்பாள். இங்கே புறப்படுகிறவள் பெண். நின்று பார்க்கிறவன் ஆண். பிரிவு நேர்ந்து விட்டது என்பதைக்கூட அறியாமல் அவன் சிரித்த முகத்துடன் நிற்கிறான். துக்கம் முழுவதையும் அவள் ஒருத்தியே சுமந்து கொண்டு விமானம் ஏறுகிறாள். கேட்கிறவர்களின் நெஞ்சை உருக்குவது இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

பாட்டில் எந்த ஊரின் பெயரும் வருவதில்லை. ஆனால் அந்த வருஷத்தில் டோக்கியோ நகரத்திலிருந்து வெளிநாடு போகிறவர்கள் ஹானேடா விமான நிலையத்துக்குத்தான் போக வேண்டும். நாரிட்டாவில் புதிய நிலையம் திறந்தது 1978-ல் தான். 1964-ம் வருஷம் வரையில் சாதாரண ஜப்பானியர்கள் உல்லாசப் பிரயாணமாக வெளிநாடு போவதற்கே அநுமதி கிடையாது. ஆகையால், 1974-லும் விமானப் பிரயாணம் என்றால் சாமானியமான காரியமல்ல. உற்றாரும் நண்பர்களும் வந்து மேல் தளத்தில் நின்று கை வீசி அனுப்புவார்கள். பாட்டைக் கேட்டவர்களுக்கு அந்தக் காட்சி கண் முன்னே நின்றது.

டெரஸா டெங் அதே வருஷம் மார்ச் மாதம் ஜப்பானில் வெளியிட்ட முதல் இசைத்தட்டு அவ்வளவாக விலை போகவில்லை. இரண்டாவதாக வந்த இந்தப் பாட்டு அவருக்குக் கீர்த்தி தேடித் தந்தது. ஜப்பான் இசைத்தட்டு விருதுகளில் புதிய பாடகருக்கான பரிசும் அந்த ஆண்டே கிடைத்தது.

இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். 1972-ல் ஜப்பான் சர்க்கார் பீக்கிங் சர்க்காரை அங்கீகரித்து, தைவானுடன் ராஜீய உறவைத் துண்டித்துக் கொண்டது. 1974-ம் வருஷம் ஏப்ரலில் இரு தரப்புக் கம்பெனிகளின் விமானங்களும் தைவானுக்கும் ஜப்பானுக்கும் இடையே பறப்பதை நிறுத்தி விட்டன. மறுபடி பறந்தது 1975-ல். ஆகவே, தைவானிலிருந்து வந்த பெண் டோக்கியோவில் விமான நிலையத்தைப் பற்றிப் பாடிய அந்த மாதத்தில், அவருடைய ஊருக்குப் போக வேற்று நாட்டுக் கம்பெனியின் விமானத்தைத்தான் நாட வேண்டியிருந்தது!

விதியின் விளையாட்டு அத்துடன் நிற்கவில்லை. உறவு முறிந்த பிறகு, தைவான்காரர்கள் வெளிநாடு செல்வதற்குப் பத்திரங்கள் பெறுவது பெருந்தொல்லை ஆயிற்று. 1979-ம் வருஷம் பிப்ரவரியில் டெரஸா டெங் இந்தோனேஷியப் பாஸ்போர்ட் ஒன்றுடன் ஜப்பானுக்குள் வந்தார். அது முறையானதல்ல என்று அதிகாரிகள் கண்டு அவரைக் காவலில் வைத்தார்கள். சுமார் ஒரு வாரம் கழித்து நாட்டை விட்டு வெளியேற்றினார்கள். ஒரு வருஷத்துக்குத் திரும்பி வரக் கூடாது என்றும் தடை விதித்தார்கள். செய்தது தவறுதான். ஆனாலும், அந்தப் பாட்டைப் பாடியவரே இப்படி விடைபெற நேர்ந்ததை நினைத்தால் மனம் வருந்தாமல் இருக்குமா?

1984-ல் அவர் மறுபடியும் ஜப்பானில் பாடினார். அப்போது வெளிவந்த பாட்டின் பெயர் "ஸுகுனாய்". பிராயச்சித்தம் என்று அர்த்தம். ஜப்பானிய ஜனங்கள் பழையதை மனத்தில் வைத்துக் கொள்ளவில்லை. அந்தப் பாட்டையும் அடுத்த இரண்டு வருஷங்களில் வந்த பாட்டுக்களையும் கொண்டாடிப் பரிசுகளை அளித்தார்கள்.

அவருடைய தகப்பனார் சீனாவின் ஹெபே மாகாணத்திலிருந்து தைவானுக்கு வந்த போர்வீரர். சீனாவில் கோடிக்கணக்கான மக்கள் டெரஸாவின் குரலைக் கேட்டு மயங்கினார்கள். தம் பெற்றோர் பிறந்த அந்த மண்ணில் அவர் கடைசி வரையில் கால் வைக்கவே இல்லை. 1995-ம் வருஷம் மே மாதம் 8-ந் தேதி தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் ஆஸ்துமா நோய் கண்டு காலமானார். வயது 42. உடலை விமானத்தில் தைவானுக்குக் கொண்டு வந்தார்கள்.

ஜப்பானில் இன்றைக்கும் "கூக்கோ"வைப் பாடுகிறவர்கள் இருக்கிறார்கள். பாட்டில் வரும் காதலன் மழையில் நனைந்தபடி கை வீசிக் கொண்டே இருக்கிறான், அவள் திரும்பி வருவாள் என்ற நம்பிக்கையுடன்.