மண்ணுக்குள் போகும் குழாய்

வட்டவளைக்கும் ஹற்றனுக்கும் இடையில் இருப்பது எங்கள் றொசல்ல. வருடத்துக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் வட்டவளைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு தண்ணீர்க் கஷ்டம் என்று எழுதினால், வன்னியில் இருக்கும் சகோதரிகள் சிரிப்பீர்கள். மழைக்குக் குறைவில்லை. ஊற்றிலிருந்து லயத்துப் பீலிக்கு வரும் குழாயில்தான் வில்லங்கம்.

எங்கள் குழாய் மலசலகூடக் குழியை ஒட்டிப் போனது. தண்ணீர் ஓடும்வரை வெடிப்பு வழியாக வெளியே கசியும். நின்றதும் வெறுமையாகும் குழாய், சுற்றியுள்ள அழுக்கை அதே வெடிப்பால் உள்ளே இழுக்கும். எங்களுக்குத் தண்ணீர் வருவதோ காலையிலும் மாலையிலும் மட்டும். பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வரும்போதெல்லாம் கடைப் பண்டத்தைத்தான் எல்லோரும் திட்டினார்கள்.

1977இலும் 1983இலும் மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறிய குடும்பங்கள் பல. 2009க்குப் பிறகு மீளக்குடியேறிய உங்கள் வளவுகளிலும் கிணற்றிலிருந்து வீட்டுக்கும் தோட்டத்துக்கும் குழாய் புதைத்திருப்பீர்கள். அது எந்தப் பக்கத்தால் போகிறது என்று ஒருமுறை பாருங்கள்.

குழாயை மாற்றிப் புதைக்க முடிவெடுத்தபோது, பழையது எங்கே கிடக்கிறது என்று சொல்ல வரைபடம் எதுவும் இருக்கவில்லை. வெயில் நாளில் எந்த இடத்துப் புல் மட்டும் பச்சையாக நிற்கும் என்று காட்டியவர்கள் மாட்டுக்குப் புல்லறுக்கும் பெண்கள். அந்தத் தடத்தில் அலவாங்கு போடாமல் மண்வெட்டியால் மெதுவாகக் கிளறினோம்.

"நேரா போட்டா ரெண்டு பைப்பு மிச்சம் அக்கா" என்றார் பாஸ். நேராகப் போட்டால் மறுபடியும் குழிப்பக்கம்தான். செலவானாலும் பரவாயில்லை என்று குழிக்கு மேட்டுப்புறமாகச் சுற்றி, ஒன்றரை அடி ஆழத்தில் கான் வெட்டினோம். குழாய் இடையில் ஏறி இறங்கினால் அந்த மேட்டில் காற்று அடைத்துத் தண்ணீர் நின்றுவிடும். அதனால் முழு நீளத்துக்கும் ஒரே சரிவு வைத்தோம். மூட்டுகளை ஈரமில்லாமல் துடைத்துப் பசை பூசி, அரை நிமிடம் அழுத்திப் பிடிக்கவேண்டும். எங்கள் பனிமூட்டத்தில் பசை சுணங்கித்தான் காயும். ஆகவே ஒரு நாள் விட்டுத்தான் தண்ணீர் திறந்தோம், அதுவும் மண் மூடாமல். ஒரு மூட்டு கசிந்தது, வெட்டி மாற்றினோம்.

பழைய குழாயை அப்படியே விடக்கூடாது. புதியதோடு தொடர்பில்லாமல் வெட்டி, இரு முனைக்கும் மூடி போட்டோம். முதலில் வந்த கலங்கல் தண்ணீரைத் தெளியும்வரை ஓடவிட்டோம். குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைப்பதை இன்னும் நிறுத்தவில்லை.

புதிய வழியை, எந்த மரத்திலிருந்து எத்தனை அடி என்று அளந்து, கொப்பித் தாளில் வரைந்து வைத்திருக்கிறேன். போன மாதம் பக்கத்துக் காம்பரா அக்கா குசினிக்கு அத்திவாரம் வெட்டுமுன் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் போனார்.