நிற்காத இதயம்

யோகிகளின் சக்தியை அளக்கக் கருவிகளோடு கிளம்பிய விஞ்ஞானிகள் கண்டது என்ன?

திருவனந்தபுரத்தை அடுத்த நெய்யாறு அணைக்கரை சிவானந்தா ஆசிரமத்தில் காலை ஆறு மணிக்கே பலர் கண்மூடி அமர்ந்துவிடுகிறார்கள். வெளிநாட்டவரும் உண்டு. தேடி வருவது மன அமைதியை. ஆனால் தியானம் உடலுக்குள் என்னதான் செய்கிறது?

இந்தக் கேள்வி பழையது. 1935-ல் பிரெஞ்சு இதய மருத்துவர் தெரேஸ் ப்ராஸ் இ.சி.ஜி. கருவியோடு இந்தியா வந்தார். ஒரு யோகி தன் இதயத்துடிப்பை ஏறக்குறைய நிறுத்திவிட்டதாக அவர் எழுத, உலகம் வியந்தது. அந்த யோகி டி. கிருஷ்ணமாச்சாரியார். பி.கே.எஸ். ஐயங்காரின் குரு.

1957-ல் அதைச் சரிபார்க்க ஒரு குழு கிளம்பியது. அமெரிக்காவிலிருந்து வெங்கரும் பாக்சியும், டெல்லி எய்ம்ஸிலிருந்து பி.கே. ஆனந்தும். சென்னையில் அதே கிருஷ்ணமாச்சாரியாரையும் அவர்கள் சந்தித்தார்கள். முடிவு 1961-ல் வெளியானது: எந்த யோகியின் இதயமும் நிற்கவில்லை. மூச்சை இழுத்து அடக்கி, மார்புத் தசைகளையும் வயிற்றுத் தசைகளையும் இறுக்கும்போது இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. நாடி கைக்கு அகப்படாது. தசைகளின் ஓசையில் ஸ்டெதாஸ்கோப்பும் ஏமாறும். இ.சி.ஜி. மட்டும் ஏமாறவில்லை.

அதிசயம் பொய்த்தது. ஆனால் அதே ஆண்டு ஆனந்த், சின்னா, பல்தேவ் சிங் மூவரும் வெளியிட்ட மூளை அலைப் பதிவுகள் வேறு கதை சொல்லின. தியானத்தில் இருந்த யோகிகளைப் பளிச்சென்ற வெளிச்சமோ பெருஞ்சத்தமோ, சுடும் கண்ணாடிக் குழாயோ அசைக்கவில்லை. ஆல்ஃபா அலைகள் கலையாமல் ஓடின. இருவர் 4 டிகிரி குளிர்நீரில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் கையை வைத்திருந்தும் அலைகள் மாறவில்லை.

சரி, சாதாரண மனிதருக்கு என்ன லாபம்? 2014-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று 47 பரிசோதனைகளையும் அவற்றில் பங்கேற்ற 3,515 பேரையும் அலசி விடை தந்தது. பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றை தியானம் ஓரளவு குறைக்கிறது. தூக்கம், உடல் எடை விஷயத்தில் போதிய ஆதாரமில்லை. மருந்தையோ உடற்பயிற்சியையோ விட மேலானது என்பதற்கும் சான்று கிடைக்கவில்லை.

சுருக்கமாக, தியானம் நல்ல துணை; மருந்துக்கு மாற்று அல்ல. ரத்தக்கொதிப்பு மாத்திரையை ஒதுக்கிவிட்டுப் பத்மாசனத்தில் உட்கார நினைப்பவர்கள் 1957-ஐ நினைத்துக்கொள்வது நல்லது. நாடி ஏமாற்றலாம், இதயம் தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும். அதைக் கவனிக்க மருத்துவரும் வேண்டும்.