உஷார்! போர்டைப் பார்த்ததும் உள்ளே போய்விடாதீர்கள்

ஆட்டோ ஓட்ட லைசென்ஸ் வேண்டும். டீக்கடை வைக்க உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். 'மனநல ஆலோசகர்' என்று வாசலில் போர்டு மாட்ட, இன்றைய நடைமுறையில், ஓர் ஆணியும் சுத்தியலும் போதும். சில நாள் ஆன்லைன் வகுப்பு, லேமினேட் செய்த ஒரு சான்றிதழ், நாலு ரீல்ஸ். கவுன்சலிங் சென்டர் தயார்! தேடி வருகிறவர்களோ தூக்கம் கெட்டு, சோறு இறங்காமல், யாரிடம் சொல்வதென்று தெரியாமல் மாதக்கணக்கில் தவித்துவிட்டுக் கடைசியில் துணிந்து கதவைத் தட்டுகிறவர்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் என்று விசாரிக்கிற தெம்பு அவர்களுக்கு இருக்காது. ஆகவே அந்த விசாரணையை முதல் சிட்டிங்குக்கு முன்பே வீட்டிலிருந்தபடி முடித்துவிடுங்கள். உங்களால் முடியவில்லையா, நம்பிக்கையான ஒருவரிடம் அந்த வேலையை ஒப்படையுங்கள்.

முதலில், யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். சைக்யாட்ரிஸ்ட் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மனநலத்தில் எம்.டி., டி.பி.எம். அல்லது டி.என்.பி. படித்த மருத்துவர். மாத்திரை எழுதும் அதிகாரம் அவருக்கு உண்டு. மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்கும், கேட்டால் சொல்வார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மாத்திரை எழுதமாட்டார். பேச்சுவழி சிகிச்சையும் உளவியல் சோதனைகளும் அவருடைய வேலை. இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், அவர் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாமல் தொழில் செய்தால் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தைப் பார்த்தீர்களா? பல இடங்களில் ஒரு சிட்டிங் ஃபீஸே அதைவிட அதிகம். பிறகு யார் பயப்படுவார்கள்?

கவுன்சலர் என்று அழைக்கப்படுகிறவர்கள் விஷயத்தில்தான் குழப்பம் அதிகம். கவுன்சலிங் சைக்காலஜியில் முதுகலை முடித்து, மேற்பார்வையில் பயிற்சி எடுத்து, அருமையாக வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பக்கத்துக் கட்டடத்திலேயே வார இறுதி வகுப்புக்காரரும் இருப்பார். கவுன்சலர்களையும் ஒழுங்குக்குள் கொண்டுவரும் வகையில் 2021-இல் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்தது. ஆனால் சட்டம் வந்து உங்கள் தெருமுனை போர்டைச் சரிபார்க்கும்வரை காத்திருக்க முடியாது. போன் போட்டு நேராகக் கேளுங்கள்: எங்கே, எத்தனை வருடம் படித்தீர்கள்? யாருடைய மேற்பார்வையில் பயிற்சி எடுத்தீர்கள்? உங்களால் முடியாத கேஸ் என்றால் எந்த மருத்துவரிடம் அனுப்புவீர்கள்? முறையானவர் பொறுமையாகப் பதில் சொல்வார். கோபப்படுகிறவரிடம் போகாதீர்கள். பெயருக்கு முன்னால் 'டாக்டர்' இருக்கிறதே என்று மயங்கவும் வேண்டாம். கௌரவ டாக்டர் பட்டம் காசுக்குக் கிடைக்கிற நாடு இது.

சரி, நல்ல இடம்தான் என்று தெரிந்து போகிறீர்கள். முதல் சிட்டிங்கில் என்ன நடக்கும்? பெரும்பாலும் முதலில் ஒரு ஒப்புதல் படிவம் வரும். ஃபீஸ் எவ்வளவு, எத்தனை நிமிடம், வர முடியாவிட்டால் எப்போது சொல்ல வேண்டும், நீங்கள் பேசுவது யாருக்குத் தெரியவரும் என்றெல்லாம் அதில் இருக்கும். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பிறகு 45, 50 நிமிடம் பேச்சு. எப்போதிலிருந்து இப்படி? ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வருகிறது? பசி எப்படி? குடிப்பழக்கம் உண்டா? வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா? குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா? நடுவில், குரலை மாற்றாமல் இன்னொரு கேள்வியும் வரும்: "செத்துப் போயிடலாம்னு எப்பவாவது தோணியிருக்கா?"

பதறாதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. வெளியே சொல்ல ஒரு வழி கிடைத்ததே என்று பலருக்கு மூச்சே வரும். இன்னும் சொல்லப்போனால், வாழப் பிடிக்கவில்லை என்று நீங்கள் சாடைகாட்டிய பிறகும் இந்தக் கேள்வியைத் தொடாமல் சிட்டிங்கை முடித்து அனுப்புகிறவர்மேல்தான் சந்தேகம் வர வேண்டும்.

அறிவுரை வரும் என்று போகிறவர்களுக்கு ஏமாற்றம் நிச்சயம். "இவ்வளவு காசு வாங்கிட்டு, சும்மா தலையாட்டிக் கேட்டுட்டு இருந்தாங்க" என்ற புலம்பல் அடிக்கடி காதில் விழுகிறது. அறிவுரை சொல்லப் பெரியப்பா, மாமா, பக்கத்து வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் என்று நமக்கு ஆள் பஞ்சமே இல்லை. இது வேறு வேலை. அழுகை வரும். வீட்டுக்கு வந்ததும் மனசு முன்னைவிடக் கனமாக இருக்கும். சிலருக்கு இரண்டு மூன்று நாள் எரிச்சல்கூட வரும். நல்ல சிகிச்சையிலும் இது நடப்பதுதான். ஒரே சிட்டிங்கில் ஓடிவிடாதீர்கள், மூன்று நான்கு முறை பாருங்கள். அப்புறமும் ஒட்டவில்லை என்றால் அவரிடமே சொல்லிவிட்டு ஆளை மாற்றலாம். நல்ல உளவியலாளர் இதற்குக் கோபித்துக்கொள்ளமாட்டார்.

ஓட வேண்டிய இடங்கள் வேறு. ஒரே சிட்டிங்கில் குணம் என்று உத்தரவாதம் கொடுக்கிற இடம். 21 நாள் பேக்கேஜுக்கு முழுப் பணத்தையும் இன்றே கட்டச் சொல்கிற இடம். மருத்துவராக இல்லாமல் தூக்க மாத்திரை பெயரைச் சீட்டில் எழுதித் தருகிறவர். சைக்யாட்ரிஸ்ட் கொடுத்த மாத்திரையை "நிறுத்திடுங்க, நான் பார்த்துக்கறேன்" என்கிறவர் (இதைப்போல ஆபத்து வேறில்லை, சில மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் உடம்பும் மனமும் சேர்ந்து படுத்தும்). முற்பிறவிக்குக் கூட்டிப்போகிறேன் என்பவர், கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்பவர். தனியாகச் சந்திக்கலாமா என்று ராத்திரி வாட்ஸ்அப் அனுப்புகிறவர், தொடுகிறவர். இங்கெல்லாம் இரண்டாவது வாய்ப்பே கிடையாது, அன்றே எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. தன்பால் ஈர்ப்பை 'மாற்றிக் காட்டுகிறேன்' என்று பெற்றோரிடம் பணம் கறக்கிறவர்கள். 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் இப்படிப்பட்ட முயற்சிகளுக்குத் தடை விதித்தார். ஈடுபடும் மருத்துவத் தொழில்முறையாளரின் உரிமத்தைப் பறிப்பதுவரை நடவடிக்கை வேண்டும் என்றார். அந்த உத்தரவுக்கு முன் விஷயத்தைப் புரிந்துகொள்ள அவரே ஓர் உளவியலாளர் முன் போய் உட்கார்ந்தார். கவுன்சலிங் போவது கேவலம் என்று நினைக்கிற வீடுகளுக்கு இந்தத் தகவலைச் சொல்லிவையுங்கள்.

ரகசியம் பற்றி. நம் ஊரில் அது பெரும்பாலும் உடைவது வீட்டில் இருப்பவர்களால்தான். மகள் சிட்டிங் முடிந்து பஸ் ஏறுவதற்குள் அம்மாவின் போன் கவுன்சலருக்குப் போய்விடும்: "மேடம், அவ என்ன சொன்னா? யாரையாவது லவ் பண்றாளா?" அவர் கடகடவென்று ஒப்பித்தால் அந்த இடம் வேண்டாம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியத்தை உங்கள் உரிமையாகவே வைத்திருக்கிறது. சிகிச்சைப் பதிவைக் கேட்டு வாங்கும் உரிமையும் அதில் உண்டு. அதேசமயம் எல்லாவற்றையும் எல்லா நேரத்திலும் மறைத்து வைக்க அவராலும் முடியாது. உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து என்றாலோ, நீதிமன்றம் உத்தரவிட்டாலோ அவர் வாய் திறக்கலாம். குழந்தைமீதான பாலியல் வன்முறை தெரியவந்தால் போக்சோ சட்டப்படி புகார் கொடுத்தே ஆக வேண்டும். இந்த எல்லைகளை முதல் நாளே சொல்லிவிடுகிறவர்தான் தொழில் தெரிந்தவர்.

ஆப் மூலம் பேசுகிறவர்களே, இன்னும் உஷார். அமெரிக்காவின் பெட்டர்ஹெல்ப் நிறுவனம், ரகசியம் காப்போம் என்று சொல்லி வாங்கிய தகவல்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றோடு பகிர்ந்ததாக அந்நாட்டு வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டியது. 2023-இல் 78 லட்சம் டாலர் கொடுக்க அது ஒப்புக்கொண்டது. அத்தனை பெரிய கம்பெனியே அப்படி என்றால், நேற்று முளைத்த ஆப்புக்கு உங்கள் கான்டாக்ட் லிஸ்ட்டைத் திறந்துவிடுவானேன்?

கவுன்சலிங் தொடங்கும் முன் ஒரு மருத்துவரைப் பார்த்து ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். தைராய்டு குறைந்தாலும், பி12 குறைந்தாலும் சோர்வு, மறதி, அழுகை எல்லாம் வரும். மனசுக்கு என்று ஆறு மாதம் பேசிவிட்டு, அப்புறம் தைராய்டு என்று தெரிந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். மனச்சோர்வு மாத்திரை ஆரம்பித்தவர்கள் மறுநாளே பலனைத் தேடாதீர்கள், இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும்.

காசில்லை என்று போலியிடம் மலிவுக்குப் போக வேண்டியதில்லை. சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்திலும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளிலும் ஓ.பி. இருக்கிறது. உயிரை விடும் எண்ணம் வந்துவிட்டால் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416: கட்டணமில்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104-ம் இருக்கிறது. சென்னை சினேகா அமைப்பின் எண் 044-24640050. மூன்றையும் இப்போதே போனில் சேமித்து வையுங்கள்.