படத்தொகுப்புக்கு ஏற்ற கணினி எது?

சென்ற மாதத்தில் ஒரு மாலைப்பொழுது, என்னிடம் முன்னர் பயின்ற மாணவன் ஒருவன் தன் தந்தையாருடன் வீட்டுக்கு வந்திருந்தான். கலியாண வீடுகளிலும் திருவிழாக்களிலும் வீடியோப் படம் பிடிக்கும் ஒருவரிடம் இரண்டு ஆண்டுகள் உதவியாளனாக நின்று தொழில் பழகியவன். இனித் தனியே தொழில் தொடங்க வேண்டும் என்பது அவன் எண்ணம்.

தந்தையார் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார். "மாஸ்ரர், இவன் அப்பிள் கொம்பியூட்டர்தான் வேணும் எண்டு ஒற்றைக் காலில நிக்கிறான். தாயின்ர சங்கிலியை ஈடு வைச்சுத்தான் காசு எடுக்க வேணும். அது இல்லாமல் இந்தத் தொழில் செய்யேலாதோ?"

மகன் தலையைக் குனிந்தபடியே, "பெரிய ஆக்கள் எல்லாரும் அதிலதான் சேர் எடிற் பண்ணுகினம்" என்றான்.

இக்கேள்வி அந்த ஒரு குடும்பத்துக்கு மாத்திரம் உரியதன்று. படத்தொகுப்பைத் தொழிலாகக் கொள்ள விழையும் இளைஞர் உள்ள வீடுகளிலெல்லாம் இன்று எழுகின்ற கேள்வியே அது. ஆதலின் அன்று அவர்களுக்குக் கூறியவற்றைச் சற்று விரித்து ஈண்டு எழுதுகின்றேன்.

பெரியவர்கள் எதிலே தொகுத்தார்கள் என்பதை முதலிற் பார்ப்போம். சினிமாச் சுருளை வெட்டி ஒட்டிய காலம் போய், கணினியிலே தொகுக்கும் முறை வழக்கத்துக்கு வந்தது 1989ஆம் ஆண்டு வெளியான அவிட் என்னும் சாதனத்தினாலாகும். அது அப்பிள் நிறுவனத்தின் மக்கின்ரொஷ் கணினியிலேயே இயங்கியது. வால்டர் மேர்ச் என்னும் புகழ்பெற்ற தொகுப்பாளர், "தி இங்கிலிஷ் பேஷன்ற்" என்ற படத்தை அவிட்டில் தொகுத்து 1997இல் ஒஸ்கார் பரிசு பெற்றார். அவரே 2003இல் வெளிவந்த "கோல்ட் மவுண்டன்" படத்தை, அப்பிளின் பைனல் கட் புரோ என்னும் மென்பொருளிலே தொகுத்தார். மிகக் குறைந்த விலையில் எவரும் வாங்கக்கூடிய ஒரு மென்பொருளிலே பெரும் படமொன்றைத் தொகுக்கலாமோ என்று பலர் அன்று வியந்தனர். அப்பிள் கணினிக்கு இத்துறையிலே வாய்த்த பெயர் இவ்வாறு வந்ததே. மாணவன் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை.

ஆயின், கதை அத்துடன் முடியவில்லை. 2011ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அப்பிள் நிறுவனம் அந்த மென்பொருளை அடியோடு மாற்றிப் புதிதாக வெளியிட்டது. பழைய பதிப்பிலே செய்து வைத்த வேலைகளைப் புதிய பதிப்பில் திறக்க இயலவில்லை. பல கமராக்களின் காட்சிகளை ஒருங்கே வைத்துத் தொகுக்கும் வசதியும் முதலில் இருக்கவில்லை. பழைய பதிப்பின் விற்பனையும் நிறுத்தப்பட்டது. பல்லாண்டு உழைப்பை அதிலே சேமித்து வைத்திருந்த தொகுப்பாளர்கள் திகைத்தனர். குறைகள் சில பின்னர் திருத்தப்பட்டனவாயினும், பலர் அதற்குள் அடோபி நிறுவனத்தின் பிறீமியருக்கும் அவிட்டுக்கும் மாறிவிட்டனர்.

இதிலே இன்னொரு விந்தை உண்டு. 2020இல் சிறந்த படத்துக்கான ஒஸ்காரைப் பெற்ற "பரசைட்" என்னும் கொரியப் படத்தை அதன் தொகுப்பாளர் யாங் ஜின் மோ எதிலே தொகுத்தார் தெரியுமா? கைவிடப்பட்ட அந்தப் பழைய பைனல் கட் புரோ ஏழாம் பதிப்பிலேயே! 2023இல் தொகுப்புக்கான ஒஸ்காரை வென்ற "எவ்ரிதிங் எவ்ரிவெயார் ஓல் அற் வன்ஸ்" தொகுக்கப்பட்டதோ பிறீமியரில். எனவே, பரிசு பெற்ற கைகளைப் பார்த்துப் பொறியைத் தெரிவு செய்ய முயல்வோருக்கு ஒரே விடை கிடைக்காது. கை பழகிய கருவியிலே அவரவர் தொகுத்தனர் என்பதே நாம் காணும் உண்மை.

நிற்க. கணினிக்கு இவ்வேலை ஏன் இத்தனை பாரமாகின்றது என்பதை அறிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். 1920க்கு 1080 என்ற அளவுள்ள ஒரு படச்சட்டத்திலே இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. புள்ளியொன்றுக்கு மூன்று பைட் வீதம், வினாடிக்கு 25 சட்டங்களை உள்ளபடியே எழுதி வைத்தால், ஒரு மணி நேரப் படத்துக்கு ஏறக்குறைய 560 ஜிகாபைட் இடம் வேண்டும். கமராவின் சிறு அட்டையிலே இத்தனையை எழுதுவது எளிதன்று. ஆகவே எச்.264 போன்ற முறைகளால் கமரா அதனைச் சுருக்குகின்றது. வினாடிக்கு 50 மெகாபிட் வீதம் எழுதினால், ஒரு மணி நேரம் 22 ஜிகாபைட் அளவில் அடங்கிவிடும்.

இச்சுருக்கம் எவ்வாறு நிகழ்கின்றது? ஒரு சட்டத்தை முழுமையாக எழுதிவிட்டு, அடுத்து வருவனவற்றிலே மாறிய பகுதிகளை மட்டும் குறித்துக்கொண்டு போகின்றது கமரா. படத்தை நேரே ஓட்டிப் பார்ப்போர்க்கு இதனால் இடரில்லை. தொகுப்பவனோ முன்னும் பின்னும் தாவுகின்றான். தாலிகட்டும் கணத்தைத் தேடி அவன் ஒரு சட்டத்திலே நிறுத்தும்போது, அதற்கு முன்னுள்ள முழுச் சட்டத்திலிருந்து தொடங்கிக் கணினி எல்லாவற்றையும் கணக்கிட்டுத் தர வேண்டியிருக்கின்றது. பொறி திணறுவது இங்கேதான்.

இதற்கு வழி இரண்டு. ஒன்று, அக்கணக்கைச் செய்வதற்கென்றே தனியுறுப்புக் கொண்ட பொறியை வாங்குதல். 2020ஆம் ஆண்டின் இறுதி முதல் அப்பிள் தானே வடிவமைத்து வெளியிடும் கணினிகள் இதிலே சிறந்தவை. இண்டெல் சில்லுகள் பலவற்றிலும், தனி வரைகலை அட்டைகளிலும் இத்தகைய உறுப்பு உண்டு. மற்றது, பணமில்லாதோர்க்கும் எட்டக்கூடிய வழி. மூலக் காட்சிகளுக்குச் சிறிய அளவிலே பதிற்படிகள் செய்துகொண்டு, அவற்றை வைத்துத் தொகுத்து, முடிவிலே மூலத்தைப் பொருத்திப் படத்தை வெளியெடுத்தல். பெயர்பெற்ற மென்பொருள்கள் யாவற்றிலும் இவ்வசதி உண்டு. பதிற்படி செய்யும் பொறுமை உள்ளவனுக்கு நடுத்தரக் கணினியும் நன்றாகவே உழைக்கும்.

இனி மென்பொருளைக் கவனிப்போம். பைனல் கட் புரோ அப்பிள் கணினிகளுக்கு மாத்திரமே உரியது. பிறீமியரும் அவிட்டும் அப்பிள், விண்டோஸ் ஆகிய இரண்டிலும் இயங்கும். அவுஸ்திரேலியாவின் பிளாக்மஜிக் நிறுவனம் வெளியிடும் டாவின்சி ரிசோல்வ் இவ்விரண்டுடன் லினக்ஸிலும் இயங்கும். அதற்கு இலவசப் பதிப்பும் உண்டு. எனினும் இலவசப் பதிப்பு எல்லாக் கோப்புகளையும் ஏற்பதில்லை. ஆதலால், வாங்கப்போகும் கமராவின் கோப்பு ஒன்றை இரவல் வாங்கி முன்னரே ஓட்டிப் பார்த்துவிடுதல் புத்தியாகும்.

நம் நாட்டவர் மறக்கலாகாத செய்தி ஒன்றுண்டு. பிறீமியரை விலைக்கு வாங்கிச் சொந்தமாக வைத்திருக்கும் முறையை அடோபி நிறுவனம் 2013இல் கைவிட்டுச் சந்தா முறையைக் கைக்கொண்டது. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், அவ்வாண்டின் நடுப்பகுதியில் 360 ரூபா வரை ஏறியதை நாம் கண்டோம். கலியாணப் படத்துக்குப் பேசிய கூலி ரூபாவில். சந்தாவோ டொலரின் போக்கில். இக்கணக்கைப் போட்டுப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

அதே 2022இல் மார்ச் மாத இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றதும் நினைவிருக்கும். மேசைக் கணினி வாங்குவோர், மின் நின்றாலும் வேலையைச் சேமித்து அணைக்கச் சில நிமிடம் தரும் யூ.பி.எஸ். கருவியையும் செலவிலே சேர்த்துக்கொள்ளல் நன்று. அப்பிள் மடிக்கணினிகள் குறைந்த மின்சாரத்தில் நெடுநேரம் இயங்குவதை இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயின் அவற்றின் நினைவகத்தைப் பின்னர் கூட்ட முடியாது. வாங்கும்போதே போதிய அளவுக்குப் பணம் கொடுத்துவிட வேண்டும். மேசைக் கணினியிலோ கையிலே காசு சேரச் சேர உறுப்புகளை மாற்றிக்கொள்ளலாம்.

எந்தப் பொறியை வாங்கினாலும் அதற்கு அடிமையாகாதிருக்க வழி தேடிக்கொள்ள வேண்டும். பரம்பரைக் காணி உறுதியை ஒரே பெட்டியில் வைத்துப் பூட்டித் திறப்பை அயலவரிடம் கொடுப்பாருண்டோ? மூலக் காட்சிகளை இரண்டு வன்தட்டுகளில் இரு வேறிடங்களில் வைத்தல் வேண்டும். அவ்வன்தட்டுகளை அப்பிளும் விண்டோஸும் ஒருங்கே வாசிக்கவும் எழுதவும் கூடிய எக்ஸ்பற் முறையில் ஆயத்தம் செய்தால், நாளை பொறி மாறினும் படம் மாறாது. முறைப்படி விடுவிக்காமல் அதனைக் கழற்றினாற் கோப்பு கெடக்கூடும் என்பதையும் மனத்திற் கொள்க. வேலை முடிந்ததும், தொகுப்பு மென்பொருளின் கோப்பை மாத்திரம் நம்பியிராது, முடிந்த படத்தை உயர்ந்த தரத்தில் தனியாகவும் எடுத்து வைத்தல் வேண்டும். 2011இல் திகைத்தவர்களின் அனுபவம் நமக்குப் பாடமன்றோ?

இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மாணவனிடம், "தம்பி, நீ கடையிலே பழகியது எதில்?" என்று வினாவினேன்.

"ரிசோல்வில சேர். விண்டோஸ் மெசினில."

"அப்படியானால், உன் கையை ஏன் மாற்றப் பார்க்கிறாய்?"

அவன் சற்று நேரம் பேசவில்லை. தந்தையார் என்னைப் பார்க்காமல் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னர் அவர்கள் வாங்கியது 32 ஜிகாபைட் நினைவகமும் வரைகலை அட்டையும் கொண்ட ஒரு விண்டோஸ் மேசைக் கணினி. மீந்த பணத்தில் யூ.பி.எஸ். ஒன்றும், வன்தட்டுகள் இரண்டும் வாங்கினார்கள். சங்கிலி ஈடு போகத்தான் செய்தது. ஆனால் எண்ணியிருந்த தொகையில் பாதிக்கே போயிற்று. முதற் கலியாணப் படத்தை அவன் முடித்துக் கொடுத்துவிட்டான் என்றும், ஈட்டுக்கு முதல் வட்டியைத் தன் கூலியிலிருந்தே கட்டினான் என்றும் தந்தையார் சென்ற கிழமை சந்தையிலே கண்டபோது சொன்னார்.