முடா ஆற்றின் தலைமாட்டில் மூன்று நாள்

"சஃபாரி" என்றால் நம் பிள்ளைகளுக்கு உடனே ஆப்பிரிக்கா நினைவுக்கு வரும். சுவாஹிலி மொழியில் அந்தச் சொல்லுக்குப் பயணம் என்றுதான் பொருள். கேப் டவுனில் தொடங்கி நமீபியா, போட்ஸ்வானா வழியாக விக்டோரியா அருவி வரைக்கும், இருபது பேர் ஒரே லாரியில் ஏறிக்கொண்டு, போகிற இடமெல்லாம் கூடாரம் அடித்து, முறை போட்டுச் சமைத்துச் சாப்பிட்டு, வாரக்கணக்கில் ஊர் சுற்றுகிறார்கள்.

கும்பலாக லாரியில் போவது நமக்குப் புதிதா என்ன? தைப்பூசத்துக்குத் தோட்ட லாரியில் அண்டா, பாய், பிள்ளைகுட்டி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு பினாங்குத் தண்ணீர்மலைக்குப் போனவர்கள்தானே நாம்! யானை நடமாடும் காட்டில் கூடாரம் அடிக்க வேண்டுமானால் ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேற வேண்டியதில்லை. நம் கெடா மாநிலத்திலேயே உலு முடா இருக்கிறது. சுமார் 1 லட்சத்து 60 ஆயிரம் ஹெக்டர் காடு அது.

ஒரு காலத்தில் ஒரே லயத்தில் குடியிருந்த மூன்று குடும்பங்கள் நாங்கள். தோட்டம் வீடமைப்புத் திட்டமாக மாறியபின் ஆளுக்கொரு பட்டணத்தில் கிடக்கிறோம். பள்ளி விடுமுறையில் சேர்ந்து புறப்படலாம் என்று முடிவாயிற்று. மொத்தம் பதினான்கு பேர். அதில் ஒருவர், முப்பது வருடம் பால்மரம் சீவிய பாட்டி. "பாட்டிக்குக் காட்டில் என்ன வேலை? நடக்க முடியுமா?" என்று இளவட்டங்கள் முணுமுணுத்தார்கள். பாட்டி காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. ஒரு பொட்டலம் உப்பு, கொஞ்சம் புகையிலை, பழைய முக்காட்டுத் துணி, இவ்வளவுதான் அவர் மூட்டை.

வனத்துறையிடம் அனுமதி வாங்கி, கம்பத்து மலாய்க்காரர் ஒருவரை வழிகாட்டியாக அமர்த்திக்கொண்டோம். சிக் வட்டாரத்துக் குபிர் படகுத்துறையில் படகேறி, முடா ஏரியைக் கடந்து ஆற்றுக்குள் நுழைந்தோம். தலைக்கு மேலே இருவாட்சிப் பறவைகள் சிறகடித்துப் பறந்த ஓசை நீராவி வண்டி மூச்சு விடுவதுபோலக் கேட்டது. மலேசியாவில் மொத்தம் 10 வகை இருவாட்சிகள் உண்டு. அவற்றில் பல வகைகளுக்கு இந்தக் காடு வீடு.

வழியில் ஓர் உப்பு ஊற்றைப் பார்த்தோம். மலாயில் அதை "சிரா" என்பார்கள். இலை தழை தின்னும் பிராணிகளுக்கு அந்தத் தீனியிலிருந்து உப்புச்சத்துப் போதிய அளவு கிடைப்பதில்லை. அதனால் யானை, மான் எல்லாம் இந்த ஊற்றைத் தேடி வந்து குடிக்கின்றன. யானையை நாங்கள் காணவில்லை. சேற்றில் அதன் காலடியைத்தான் கண்டோம். ஒவ்வொன்றும் சோற்றுப் பானையின் வாய் அகலம்! பிள்ளைகளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அட்டை கடித்து அவர்கள் அலறியபோது பாட்டியின் உப்புப் பொட்டலம் கைகொடுத்தது.

இரண்டாம் நாள் மாலை. ஆற்றோரத்து மணலில் இளைஞர்கள் கூடாரம் அடித்தார்கள். இடம் மெத்தைபோல இருந்தது, வானமும் தெளிவாக இருந்தது. பானை கழுவப் போன பாட்டி மட்டும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். "தண்ணி கலங்கிருச்சு, பச்சை இலையா மிதந்து வருது. மேல மழை பெய்யுது. எல்லாத்தையும் மேட்டுக்குத் தூக்குங்கடா" என்றார். ஒரு பையன் சிரித்தான். வழிகாட்டி சிரிக்கவில்லை. அவரும் ஆற்றைப் பார்த்துவிட்டு, "நெனெக் சொல்வது சரி" என்றார். முணுமுணுத்தபடியே எல்லாவற்றையும் மேட்டுக்கு ஏற்றினோம். நடு இரவில் ஆறு இரைந்தது. விடிந்து பார்த்தால் அந்த மணல்திட்டைக் காணோம்! சிரித்த பையன் பாட்டிக்குத் தேத்தண்ணீர் கலக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தான். அன்று அது அவன் முறை அல்ல.

இதைக் கதையாக மட்டும் நினைக்க வேண்டாம். மலாய்க்காரர்கள் "கெப்பாலா ஆயர்" என்று சொல்லும் திடீர் வெள்ளம் நம் மாநிலத்துக்குப் புதியதன்று. 2021 ஆகஸ்டில் ஜெராய் மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் யான் வட்டாரத்தில் உயிர்களைக் கொண்டுபோயிற்று. 2022 ஜூலை 4 அன்று பாலிங், குப்பாங்கில் 3 பேர் மாண்டனர். ஆகவே அருவிக்கோ ஆற்றுக்கோ போகிறவர்கள் மூன்றை மறக்கக்கூடாது. தண்ணீர் கலங்கினாலும், இலை, சுள்ளி மிதந்து வந்தாலும், இரைச்சல் மாறினாலும், பாத்திரத்தை விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு மேடேற வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முடா ஏரியில் சேரும் நீர் 6.6 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கத்தின் வழியாகப் பெடு ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து கெடா சமவெளியின் நெல்வயல்களுக்குப் பாய்கிறது. இந்த அணைகள் எழுந்த பிறகே அங்கே ஆண்டுக்கு இரு போகம் விளையத் தொடங்கியது. காட்டு மண் மழையைக் குடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடுகிறது. மரம் போனால் மழைக்காலத்தில் வெள்ளம், வெயில் காலத்தில் வறட்சி. நம் தட்டில் விழும் சோற்றுக்கும் அந்தக் காட்டுக்கும் இப்படி ஓர் உறவு இருக்கிறது.

எங்கள் செலவில் படகு வாடகையே பெரும்பங்கு. பதினான்கு பேர் பகிர்ந்துகொண்டதால் சுமை தெரியவில்லை. நீங்களும் நான்கைந்து குடும்பமாகச் சேர்ந்து புறப்படுங்கள். காட்டுக்குக் கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டு வாருங்கள். வீட்டில் பால்மரம் சீவிய பெரியவர் இருந்தால், "உங்களால் முடியாது" என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள். விடியற்காலை இருட்டில் நிரையில் நடந்து, மழையின் வரவை மணத்திலேயே கண்டுகொண்டவர்கள் அவர்கள். அந்தப் படிப்பைப் பிள்ளைகள் கற்க இன்னும் நேரம் இருக்கிறது.